வரி இல்லை, வரிசை உண்டு

(கோவையில் வணிகவியல் மாணவர்களும் தொழில் செய்பவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன கதையில் பாதிக்கு மேல் நாடாளுமன்றக் கூச்சல்தான். 2016-க்கும் 2022-க்கும் இடையில் அந்த நாடு ஐந்து பிரதமர்களைப் பார்த்துவிட்டது. யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, யூடியூபில் நிறையக் கிடக்கிறது. எனக்குக் கொடுத்த நேரத்தில் சரக்கு என்ன ஆனது, வேலை என்ன ஆனது, மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் பேசுகிறேன்.

2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு. வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1. ஆனால் நாடு முழுக்க ஒரே மாதிரி விழுந்த ஓட்டு அல்ல இது. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருக்கவே விரும்பினார்கள். வட அயர்லாந்தும் அப்படித்தான். வெளியேறு என்ற ஓட்டு இங்கிலாந்தின் சிறு நகரங்களிலும் வேல்ஸின் பழைய சுரங்க, இரும்பாலை ஊர்களிலும் குவிந்தது. லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஓர் ஊர். காய்கறி வயலும் பேக்கிங் கொட்டகையும்தான் அங்கே பிழைப்பு. போலந்து, லித்துவேனியாக்காரர்கள் ஏராளமாக வந்து வேலை செய்த இடம். அங்கே முக்கால்வாசிப் பேர் வெளியேறு என்றார்கள்.

வேல்ஸில் எப்பு வேல் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த இரும்பாலை 2002-இல் மூடப்பட்டது. பிறகு ஐரோப்பிய நிதி வந்தது. சாலை வந்தது, கல்லூரிக் கட்டடம் வந்தது. அந்த ஊர் இருக்கும் பகுதியில் 62 சதவீதம் பேர் வெளியேறு என்று குத்தினார்கள். ஐரோப்பியக் காசில் போட்ட ரோட்டில் நடந்து போய் ஐரோப்பாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள் என்று லண்டனில் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் கொடுத்த ஆலையை இழந்தவனிடம் போய், உனக்கு நல்ல ரோடு கிடைத்ததே என்றால் அவன் என்ன சொல்வான்? ஆலையை மூடியது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் அல்ல, அது உண்மை. ஆனால் கோபத்தைக் காட்ட அவனுக்குக் கிடைத்த ஒரே சீட்டு அது.

வாக்கு எண்ணிய இரவிலேயே பவுண்டின் மதிப்பு சரிந்தது. சாயங்காலம் ஒன்றரை டாலருக்கு விற்ற பவுண்டு, விடிவதற்குள் 1.33-க்குக் கீழே போனது. முப்பது ஆண்டுகளில் பார்க்காத வீழ்ச்சி. பிரிட்டன் சாப்பாட்டுச் சாமான்களில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வெளியிலிருந்து வாங்கும் நாடு. வெளியேறுவதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்பே, வெளியேறப் போகிறோம் என்ற முடிவுக்கே மளிகைக் கடையில் பில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பர் 24 அன்று, பழைய விதிகளே தொடர்ந்த இடைக்காலத்தின் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, இரு தரப்பும் வர்த்தக ஒப்பந்தம் முடித்தன. வரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடு பூஜ்யம் என்று அறிவித்தார்கள். பத்திரிகைகளில் கொண்டாட்டம். வரியே இல்லையென்றால் அப்புறம் என்ன நஷ்டம் என்று உங்களில் சிலர் கேட்கலாம்.

கோவைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு உங்களுக்குத் தெரியும். 2017 ஜூலைக்கு முன்னால் அங்கே லாரிகள் நின்ற நிலையும் தெரியும். டிரைவருக்கு வலித்தது வரி விகிதமா? இல்லை. பில் காட்டு, சீல் வை, வரிசையில் நில் என்று போன பொழுதுதான் வலித்தது. ஜி.எஸ்.டி. வந்தபோது அதைப் பற்றி ஆயிரம் குறை சொன்னோம், இன்றும் சொல்கிறோம். ஆனால் வணிகவரிச் சோதனைச் சாவடியை எடுத்தது நன்மை என்பதில் சண்டை இல்லை. நாம் சாவடியை எடுத்த நான்காவது ஆண்டில் பிரிட்டன் தன் வாசலில் சாவடி வைத்துக்கொண்டது.

ஒன்றியத்துக்குள் இருந்தவரை மான்செஸ்டரிலிருந்து மிலானுக்குப் போகும் லாரி, மான்செஸ்டரிலிருந்து லீட்ஸுக்குப் போவது மாதிரிதான். சுங்க அறிக்கை கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே தரவிதி என்பதால் ஒருமுறை சோதித்ததை மறுமுறை சோதிக்க மாட்டார்கள். இந்த ஒற்றைச் சந்தையை 1980-களில் முன்னின்று தள்ளியதே பிரிட்டன்தான், அதுவும் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர்! அவருடைய கட்சிதான் பிற்பாடு அதிலிருந்து நாட்டை வெளியே எடுத்தது. சரி, அது அவர்கள் வீட்டுச் சண்டை.

2021 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிக்கை வேண்டும். இறைச்சி, மீன், பால் பொருள் என்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். வரி பூஜ்யம் என்றார்களே, அதற்கும் சரக்கு பிரிட்டனில் உருவானது என்று நிரூபிக்க வேண்டும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையில் பெர்சி பிக் என்று ஒரு மிட்டாய், குழந்தைகளுக்கு உயிர். அது ஜெர்மனியில் செய்யப்பட்டு பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போகும். ஜெர்மனியும் ஒன்றியம், அயர்லாந்தும் ஒன்றியம். ஆனால் நடுவில் பிரிட்டனை மிதித்துவிட்டுப் போனதால் அந்த மிட்டாய்க்கு வரி! இதை அந்த நிறுவனத்தின் தலைவரே அப்போது வெளிப்படையாகச் சொன்னார்.

பெரிய கடைக்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் ஒரு கிடங்கு வாடகைக்கு எடுப்பார்கள், இருபது பேரைப் படிவம் நிரப்ப உட்கார வைப்பார்கள். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இறால், நண்டு பிடித்து பிரான்சுக்கு அனுப்பியவர்களுக்கு அந்த வசதி ஏது? சரக்கு காகிதத்துக்காகக் காத்திருந்தால் கெட்டுப்போகும். அந்த ஜனவரியிலேயே அவர்கள் லாரிகளை ஓட்டிக்கொண்டு போய் லண்டனில் பிரதமர் அலுவலகத்துக்கு அருகே நிறுத்திப் போராடினார்கள். மீனவர்களுக்குக் கடலை மீட்டுத் தருவோம் என்பது வெளியேற்றப் பிரசாரத்தின் பெரிய வாக்குறுதி என்பதை இங்கே நினைவில் வையுங்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்களின் கணக்குப்படி, ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனங்களில் சுமார் 16,400 அந்தத் தொழிலையே நிறுத்திவிட்டன. பெரும்பாலும் சிறியவை. இவை திவாலாகித் தலைப்புச் செய்தியில் வரவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்டரைப் பார்த்து, வேண்டாம் விடு என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. ஐரோப்பா முதல் நாளிலிருந்தே முழுச் சோதனை செய்தது. பிரிட்டனோ, உள்ளே வரும் உணவுச் சரக்குக்கான சோதனையைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு 2024-இல்தான் தொடங்கியது. சோதித்தால் உணவு விலை ஏறும் என்ற பயம். ஆகவே மூன்று வருடம் பிரெஞ்சுப் பாலாடைக்கட்டி தடையில்லாமல் உள்ளே வந்தது, ஆங்கிலேயப் பாலாடைக்கட்டி சான்றிதழோடு வெளியே போனது.

மொத்தத்தில் எவ்வளவு நஷ்டம்? அரசின் நிதிநிலையைச் சுயேச்சையாகக் கணிக்கும் பிரிட்டனின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் சொல்வது, நீண்டகாலத்தில் நாட்டின் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்று. இது ஒரே நாளில் விழும் அடி அல்ல. நடுவில் கொரோனா வந்தது, உக்ரைன் போர் வந்தது, ஆகவே எந்த வலி எதனால் என்று பிரிப்பதில் பொருளாதார நிபுணர்களுக்குள் தகராறு உண்டு. வெளியேறினால் லண்டன் நிதிச் சந்தை காலியாகும் என்று பயமுறுத்தியதும் நடக்கவில்லை. பங்கு வியாபாரத்தில் ஒரு பகுதி ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது, ஐரோப்பிய மருந்து முகமையும் லண்டனை விட்டு அங்கேயே போனது. ஆனால் லண்டன் இன்னும் லண்டன்தான். சேவை ஏற்றுமதி நன்றாகவே இருக்கிறது. சண்டர்லேண்டில் நிசான் கார் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. இதையும் சொன்னால்தான் நியாயம்.

ஆனால் ஈடாகக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். இனி உலகத்தோடு நாங்களே ஒப்பந்தம் போடுவோம் என்றார்கள். போட்டார்கள். ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால் நாட்டின் மொத்த உற்பத்தி 0.08 சதவீதம் கூடும் என்பது பிரிட்டிஷ் அரசின் சொந்த மதிப்பீடு. 2025 ஜூலையில் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தம் 0.13 சதவீதம். பக்கத்து வீட்டில் 4 சதவீதம் விட்டுவிட்டு, பூமியைச் சுற்றி வந்து புள்ளிக்குப் பின்னால் ஒரு எண்ணைப் பொறுக்குகிறார்கள். கடல் தாண்டிய நண்பன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், தினசரி வியாபாரம் அக்கம்பக்கத்தோடுதான் நடக்கும்.

வேலைக்கு வருவோம். வெளியேறு என்று சொன்னவர்களில் பலருக்கு மனதில் இருந்தது ஒன்றுதான்: வெளியாட்கள் குறைய வேண்டும். ஐரோப்பியர்கள் தங்குதடையின்றி வந்துபோகும் உரிமை 2020-ஓடு முடிந்தது. 2021 செப்டம்பரில் லாரி ஓட்ட ஆள் இல்லாமல் பெட்ரோல் பங்குகள் வறண்டன, ராணுவத்தைக் கூப்பிட்டு டேங்கர் ஓட்டச் சொன்னார்கள். வெட்ட ஆள் இல்லாமல் பன்றிகளைப் பண்ணையிலேயே கொன்று அப்புறப்படுத்தினார்கள். அவசரமாக லாரி ஓட்டுநர்களுக்கு 5,000 தற்காலிக விசா அறிவித்தார்கள். வந்து ஓட்டு, கிறிஸ்துமஸுக்குள் ஊர் போய்ச் சேர் என்றால் எவன் வருவான்? ரொம்பச் சிலரே வந்தார்கள்.

அதன் பிறகு கதவு வேறு பக்கம் திறந்தது. முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கு விசா கொடுத்தார்கள். கேரளத்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் நிலத்தை அடகு வைத்து, ஏஜெண்டுகளுக்கு லட்சங்களைக் கொட்டிப் போனார்கள். போய் இறங்கியபின் சொன்ன வேலையே இல்லாமல் தவித்தவர்கள் உண்டு. வாக்கெடுப்புக் காலத்தில் ஆண்டுக்கு 3 லட்சத்தை ஒட்டி இருந்த நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு, 2023-இல் 9 லட்சத்தைத் தாண்டியது. பாஸ்டனில் ஓட்டுப் போட்டவர் இதையா கேட்டார்? பிறகு மறுபடியும் பூட்டத் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் பராமரிப்பாளர் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள். 2025 ஜூலையில் அந்த விசாவை வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள்.

பிரிட்டனில் வங்காளதேசத்தவர் நடத்தும் கறி உணவகங்களின் கதை இதோடு சேர்ந்தது. ஐரோப்பியர் வரவு நின்றால் உங்களுக்கு ஊரிலிருந்து சமையல்காரர் கிடைப்பார் என்று 2016-இல் அமைச்சர் பிரீத்தி பட்டேல் சொன்னார். பலர் நம்பி ஓட்டுப் போட்டார்கள். சமையல்காரர் வரவில்லை, விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்புதான் ஏறியது.

நம் மக்களும் இதில் உண்டு. போரில் தப்பி ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் போன ஈழத்தமிழர்களில் பலர் அந்தந்த நாட்டுக் குடியுரிமை பெற்று, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், சொந்தபந்தத்தோடு இருக்கலாம், ஒரு கடை வைக்கலாம் என்று பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஐரோப்பியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதும், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 2020-க்குள் வந்துவிட்ட தங்கை அங்கே. பாரிஸில் கொஞ்சம் தாமதித்த அண்ணனுக்கு இன்று விசா வேண்டும். ஏற்கெனவே அங்கே வாழ்ந்த ஐரோப்பியர்களும் தங்கும் உரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வந்த விண்ணப்பங்கள் 60 லட்சத்துக்கு மேல். இருபது, முப்பது வருடம் வரி கட்டியவர்கள் தங்கள் இருப்பை போன் ஆப்பில் நிரூபித்தார்கள். அதில் இருக்கும் அவமானத்தை எந்தப் புள்ளிவிவர அலுவலகமும் கணக்கெடுக்காது. வாக்கெடுப்புக்கு அடுத்த மாதம் இன, மத வெறுப்பினால் நடந்த குற்றங்கள், முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 41 சதவீதம் கூடியதாக உள்துறை கணக்கு சொன்னது.

வட அயர்லாந்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200-க்கும் மேற்பட்ட கடவைகள். பல ஆண்டு ஆயுத மோதலை முடித்த 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அங்கே ராணுவக் காவல்கோபுரங்கள் போயின. ரோட்டில் எல்லையைத் தாண்டுவது வேகப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறும்போதுதான் தெரியும். ஒன்றியத்தை விட்டால் இங்கே சாவடி வர வேண்டும். சாவடி வந்தால் பழைய காயம் திறக்கும். எனவே சோதனையைக் கடலுக்கு மாற்றினார்கள். பிரிட்டனின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு சாசேஜ் அனுப்பவே தகராறு. பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி இதை ஏற்காமல் 2022 பிப்ரவரியில் ஆட்சியிலிருந்து விலகியது. இரண்டு ஆண்டுகள் பெல்ஃபாஸ்டில் முழு அதிகாரமுள்ள அரசே இல்லை. 2023-இல் வின்ட்சர் ஏற்பாடு என்று, உள்ளூரிலேயே தங்கும் சரக்குக்கு ஒரு வழி, அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்கு இன்னொரு வழி என்று பிரித்தார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் ஆட்சி திரும்பியது.

மறுபடி சேர்வார்களா என்று கேட்பீர்கள். வெளியேறியது தவறு என்பவர்களே கருத்துக்கணிப்புகளில் இப்போது அதிகம். ஆனாலும் 2024-இல் ஆட்சியைப் பிடித்த ஸ்டார்மரின் தொழிற்கட்சி, அந்தத் தேர்தல் அறிக்கையிலேயே ஒற்றைச் சந்தை வேண்டாம், வெளிச் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி வைக்கும் சுங்க ஒன்றியமும் வேண்டாம் என்று எழுதிவிட்டது. சேர விண்ணப்பித்தாலும் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். தாட்சர் பேரம் பேசி வாங்கிய சந்தாத் தள்ளுபடியை இனி யாரும் தரமாட்டார்கள். அதனால் துண்டு துண்டாக வாங்குகிறார்கள். 2025 மே மாதம் உணவுச் சான்றிதழ்களைக் குறைக்கப் பேச ஒப்புக்கொண்டார்கள். அதே நாளில் ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் 2038 வரை மீன் பிடிக்க அனுமதியும் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்து மீனவர் எவ்வளவு குளிர்ந்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வியாபாரச் செய்தி. இந்திய ஒப்பந்தம் நம் பின்னலாடைக்கு 12 சதவீதம் வரை இருந்த வரியை நீக்குகிறது. வரியில்லாமல் அனுப்பிவந்த வங்கதேசத்தோடு பிரிட்டனில் சரிக்குச் சமமாக நிற்கலாம். ஆனால் பெர்சி பிக்கை மறக்காதீர்கள். திருப்பூர் டி-ஷர்ட் லண்டன் கிடங்குக்குப் போய், அங்கிருந்து டப்ளின் கடைக்குப் போனால் அயர்லாந்து வாசலில் ஐரோப்பிய வரி தனியாக விழும். ஆர்டர் பேசும்போதே எந்தப் பெட்டி எந்த நாட்டில் விற்கப்படும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டப்ளின் பெட்டியை நேராக டப்ளினுக்கே கப்பலேற்றுங்கள். பின்வரிசையில் ஏற்றுமதிக்காரர் ஒருவர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், மைக்கை அவரிடம் கொடுங்கள்.