மூடி இல்லாத மெஷினுக்குக் களத்தில் இடமில்லை

பெருமதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேளாண்மை உதவி இயக்குநர் ஐயா அவர்களே, பொங்கல் வேலைக்கு நடுவிலும் பெரம்பலூரிலிருந்து வந்திருக்கும் வேளாண் பொறியியல் துறைப் பொறியாளர் அவர்களே, பந்தலும் மைக்செட்டும் தந்த உழவர் மன்ற நண்பர்களே, நாலாம் வகுப்பில் என் கையெழுத்தைத் திருத்தியவரும் இன்று முன்வரிசையில் அமர்ந்திருப்பவருமான தலைமையாசிரியர் ஐயா அவர்களே, களத்திலிருந்து உடம்பில் சுணையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இரண்டு விஷயம் பேச வந்தேன். களத்தில் கதிரடிக்கும் மெஷின், வயலில் பூச்சிமருந்து. இரண்டுக்கும் என் அப்பத்தா சொல்லும் பழமொழி பொருந்தும்: பதறாத காரியம் சிதறாது.

என் சின்னம்மாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்பு, இதே தை மாதம். மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் வரவேண்டிய டிராக்டர் நாலு மணிக்குத்தான் வந்தது. அடுத்த களத்துக்காரர் போன் மேல் போன் போடுகிறார். மேற்கே வானம் கறுத்துவிட்டது. படுதா ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் ஓட்டை. சித்தப்பா சாக்குப் பிடிக்கிறார், இரண்டு பேர் கதிரை அள்ளிப் போடுகிறார்கள், டிரைவர் தம்பி மணியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். டீ கொண்டு வந்த தூக்குவாளியைத் திறக்கக்கூட ஒருத்தருக்கும் நேரமில்லை. டிராக்டருக்கும் மெஷினுக்கும் நடுவே, சுழலும் தண்டுக்குக் கீழே பத்துப் பதினைந்து கதிர் சிதறிக் கிடந்தது. வீணாகப் போகிறதே என்று சின்னம்மா குனிந்தார். இடுப்பில் செருகியிருந்த முந்தானை நழுவியது. அவ்வளவுதான்.

சேலை கிழிந்து அறுந்ததால் உயிர் மிஞ்சியது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. டிரைவர் ஓடிப்போய் இஞ்சினை நிறுத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் டிராக்டர்காரர் வீட்டுக்கு நான் போனேன். அந்தத் தண்டுக்கு மேலே இருக்கவேண்டிய தகர மூடி கொல்லையில் கிடந்தது. அதில் கோழிக்குக் குருணை போட்டு வைத்திருந்தார்கள். கிரீஸ் அடிக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று எப்போதோ கழற்றினார்களாம்.

டிராக்டர் இஞ்சினின் விசையை மெஷினுக்குக் கொண்டுபோகும் அந்தத் தண்டைத்தான் பி.டி.ஓ. ஷாஃப்ட் என்கிறோம். நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. துணி மாட்டியது மூளைக்கு எட்டும் முன்பே மூன்று நாலு சுற்று சுற்றிவிடும். கையை இழுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்கிற கதை இல்லை. தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, பின்னாத தலைமுடி எதுவும் அதற்குப் பக்கத்தில் போகக்கூடாது. ஓடும்போது அதைத் தாண்டிக் குதிக்கிற பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. இன்றோடு விட்டுவிடுங்கள் தம்பி. பதறாத காரியம் சிதறாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-இலேயே அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. கதிரடிக்கும் இயந்திரத்தைப் பெயர் சொல்லியே அதில் சேர்த்திருக்கிறார்கள். காயம்பட்ட தொழிலாளிக்கு இழப்பீட்டுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பொறியாளர் ஐயா தவறாக நினைக்கக் கூடாது, நாற்பது வருடத்தில் எங்கள் களத்துக்கு வந்து மூடி இருக்கிறதா என்று பார்த்தவர் யாரும் இல்லை.

டிராக்டர்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மணிக்கு இவ்வளவு வாடகை என்று நாம்தான் பேசுகிறோம். கடிகாரம் ஓட ஓட நமக்கும் பதற்றம், அவருக்கும் பதற்றம். கதிர் அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்தாமலே கையை விட்டு எடுக்கிறோம், இரண்டு நிமிடம் மிச்சம் என்று. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பாருங்கள். நிறுத்தி எடுக்க நேரம் கிடைக்கும்.

பூச்சிமருந்துக்கு வருகிறேன். 2017-இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள், வெறுங்கையால் கலக்காதீர்கள். மருந்தைப் பற்றி உதவி இயக்குநர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார். மூடியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

வரும் ஜனவரி 26 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதி வந்திருக்கிறேன். இரண்டே வரி. ‘ஷாஃப்டுக்கு மூடி இல்லாத கதிரடிக்கும் மெஷினை நம் ஊராட்சியில் யாரும் வாடகைக்குப் பிடிப்பதில்லை. மூடி போட ஆகும் செலவில் பாதியை உழவர் மன்றம் தரும்.’ மன்றத்து நண்பர்கள் நேற்று ராத்திரியே சம்மதித்துவிட்டார்கள். முதல் கையெழுத்தைச் சின்னம்மா இடது கையால் போட்டிருக்கிறார். தலைவர் அம்மா, தாள் இதோ இருக்கிறது.