காலியான தண்ணீர்க் குடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

துக்கம் என்ற சொல்லைத் தமிழில் நாம் பெரும்பாலும் சாவு வீட்டோடு சேர்த்தே வழங்குகிறோம். புத்தரின் உரைகளில் வரும் 'துக்க' என்ற பாலிமொழிச் சொல் அதைவிட அகலமானது. பிடிக்காதவற்றோடு கூடியிருக்க நேர்வதும், பிடித்தவற்றைப் பிரிவதும், விரும்பியது கிட்டாமற்போவதும் துக்கமே என்று அவர் தம் முதற் பேருரையிலேயே சொல்லிவிட்டார். அப்படிப் பார்த்தால், யார் பாத்திரம் கழுவுவது என்பதில் தொடங்கி, இரவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பதில் முடியும் வீட்டுப் பூசலும் அவருடைய கணக்கில் சேர்ந்ததுதான். மனிதருக்கு மனிதர் இடையே முளைக்கும் இத்துன்பம் தனியறையில் கண்மூடி அமர்வதால் மட்டும் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அந்தந்தக் கணத்தில் நடப்பதைக் கவனித்திருக்கும் விழிப்புணர்வை, சேர்ந்து வாழ்கிறவர்கள் சேர்ந்தே பயில வேண்டும் என்பது என் எண்ணம்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 31ஆம் சூத்திரத்தில் ஒரு காட்சி வருகிறது. கோசிங்க சாலவனத்தில் அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூன்று பிக்குகள் தங்கியிருக்கிறார்கள். அவர்களைக் காணச் சென்ற புத்தர், தியானத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை. பிச்சை உணவு சிரமமின்றிக் கிடைக்கிறதா, பாலும் தண்ணீரும் கலந்தாற்போல ஒற்றுமையாக இருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறார். அனுருத்தர் தங்கள் அன்றாட வேலைகளையே விடையாகச் சொல்கிறார். பிச்சையேற்று முதலில் திரும்புகிறவர் இருக்கைகளை விரித்துத் தண்ணீர் எடுத்து வைக்கிறார். கடைசியில் வருகிறவர் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து இடத்தைப் பெருக்குகிறார். குடம் காலியாக இருப்பதை யார் பார்க்கிறாரோ அவரே நிரப்புகிறார். அது கனமாக இருந்தால் கையசைத்து இன்னொருவரை அழைக்க, இருவரும் பேச்சின்றிச் சேர்ந்து தூக்குகிறார்கள்.

அந்தக் குடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அது காலியாக இருப்பது கண்ணில் படுவதே விழிப்புணர்வு. 'நேற்றும் நான்தானே நிரப்பினேன்' என்று உள்ளே எழும் முணுமுணுப்பையும் கண்டுகொண்டு, அதன் பின்னே போகாமல் குடத்தைத் தூக்குவது இன்னும் கடினமான விழிப்புணர்வு. தன் விருப்பத்தை ஒதுக்கிவைத்து மற்ற இருவரின் மனம்போல் நடப்பதாக அனுருத்தர் சொல்கிறார். அவர் ஒருவர் மட்டும் அப்படி நடந்திருந்தால் அது ஊழியமாகிப் போயிருக்கும். ஆனால் மற்ற இருவரும் அதையே சொல்கிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பெண்ணே எல்லாக் குடங்களையும் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்பதால்தான், பயிற்சி கூட்டாக நடக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நம் காலத்தில் இந்தக் கூட்டுப் பயிற்சியை ஒரு வாழ்முறையாகவே அமைத்துக் காட்டியவர் வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான். வியட்நாம் போரை நிறுத்தச் சொல்லி 1966இல் வெளிநாடு சென்று பேசியதால் பல்லாண்டுகள் தாய்நாடு திரும்ப முடியாதிருந்த அவர், 1982இல் பிரான்சின் தென்மேற்கில், பெண்துறவி சான் கோங்குடன் சேர்ந்து பிளம் வில்லேஜ் என்ற பயிற்சிச் சமூகத்தைத் தொடங்கினார். அங்கே மணி ஒலித்தால், காய் நறுக்கும் கை பாதியில் நிற்கிறது. பாதி சொன்ன வாக்கியமும் நிற்கிறது. மூன்று மூச்சுக்குப் பின்பே வேலை தொடர்கிறது. தொலைபேசி ஒலித்தாலும் அப்படியே. தன் மூச்சை மறந்துபோனவருக்கு, பக்கத்தில் ஒருவர் அசையாமல் நிற்பதே நினைவூட்டலாகிறது.

அங்கே 'புதிதாகத் தொடங்குதல்' என்ற அமர்வும் உண்டு. நடுவில் பூச்சாடி இருக்கும். பேச விரும்புகிறவர் வணங்கி அதைத் தம் முன் எடுத்து வைத்துக்கொள்வார். அவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கிடுவதில்லை. முதலில் பிறரிடம் கண்ட நல்லதையும், பிறகு தாம் செய்த தவற்றையும், அதன் பின்னரே தமக்கு நேர்ந்த காயத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் இதைத் தொடங்க எண்ணுகிறவர்கள் முதல் சில வாரங்களுக்குக் காயத்தைப் பற்றிப் பேச வேண்டாம். எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லாமல் விட்ட நன்றியைச் சொல்லி முடிக்கவே அந்த வாரங்கள் போதாமற்போகலாம்.