பிள்ளைய இறக்கி விட்டுட்டு போயிடாதீங்க, நீங்களும் இறங்கி வாங்க

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தமிழ்ப் பள்ளி ஆண்டு விழால என்ன பேசணும்னு என்னையே முடிவு பண்ண சொன்னாங்க, நான் பேண்ட் பத்தி பேசறேன், ஏன்னா இங்க மேடைல இப்ப திருக்குறள் சொன்ன பசங்கள்ல நிறைய பேர் வர்ற ஆகஸ்ட்ல ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்ட்ல, அதாவது அணிவகுத்து நடந்துட்டே வாசிக்கற வாத்தியக் குழுல, சேரப் போறாங்க, அவங்கள விட அவங்க அம்மா அப்பாகிட்டதான் எனக்கு சொல்றதுக்கு விஷயம் இருக்கு.

ஊர்ல பேண்ட்னா நமக்கு கல்யாண ஊர்வலத்துல வர்ற பேண்டு செட்டு, இல்லன்னா சுதந்திர தினத்துக்கு ஸ்கூல் மைதானத்துல டிரம் அடிக்கற பசங்க. டெக்சாஸ்ல அது வேற உலகம்ங்க. நம்ம பக்கத்துல ஆலன் ஹைஸ்கூல எடுத்துக்கோங்க, 2012ல திறந்த அவங்க ஸ்டேடியத்துல 18,000 பேர் உக்காரலாம், பேண்ட்ல மட்டும் எண்ணூறு பேர் பக்கம் இருந்திருக்காங்க. அக்டோபர் வந்துட்டா யூஐஎல் போட்டிகள், யூஐஎல்னா டெக்சாஸ் பள்ளிப் போட்டிகள நடத்தற அமைப்பு, நல்லா பண்ணினா மாநிலப் போட்டிக்கு சான் அன்டோனியோ அலமோடோம் ஸ்டேடியம் வரைக்கும் போகலாம், சில பேண்ட் நவம்பர்ல இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல நடக்கற பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா கிராண்ட் நேஷனல்ஸ்ங்கற தேசியப் போட்டி வரைக்கும் போகுது. இவ்வளவும் பண்றது பதினாலுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் உள்ள பசங்க. டைரக்டர், அசிஸ்டென்ட் டைரக்டர்னு ஸ்கூல் சம்பளம் குடுக்கற ஆளுங்கள விரல் விட்டு எண்ணிடலாம், மிச்ச வேலை எல்லாம் பெற்றோர் தலைலதான்.

ஒரு விதி சொல்றேன், கேட்டுக்கோங்க. ஸ்கூல் திறந்ததுக்கு அப்புறம் பள்ளி நேரத்துக்கு வெளிய வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் ப்ராக்டிஸ் வைக்கலாம்னு யூஐஎல் கட்டுப்பாடு வச்சிருக்கு. பசங்க உடம்பும் படிப்பும் கெடக்கூடாதுன்னு வச்ச நல்ல விதி. ஆனா அந்த எட்டு மணி நேரத்துல மரிம்பாங்கற பெரிய கட்டை வாத்தியத்த பேண்ட் ஹால்ல இருந்து பார்க்கிங் லாட் வரைக்கும் தள்ளிட்டு வர்றதும், தண்ணி கேனை நிரப்பறதும், ப்ராப்னு ஷோவுக்கு நிறுத்தற செட்டிங் கழண்டா முடுக்கறதும் பசங்களே பண்ணிட்டு இருந்தா அப்புறம் எப்ப வாசிக்கறது? ஒரு அப்பா அரை மணி நேரம் முன்னாடி வந்து சாமான இறக்கி வச்சா அந்த நேரம் அப்படியே பசங்களுக்கு சேருது. பெற்றோர் வர்றதும் வராததும் ஃபீல்டுல வாசிப்புலயே தெரியும்ங்க, நான் மனசார சொல்றேன்.

போட்டி அன்னைக்கு பாத்தீங்கன்னா இன்னும் தெளிவா புரியும். ஃபீல்டுக்குள்ள போக, ஷோ பண்ண, வெளிய வர எல்லாத்துக்கும் நிமிஷக் கணக்கு. மரிம்பா, வைப்ராஃபோன், சின்தசைசர், ஸ்பீக்கர், பேட்டரி, அதுக்கு மேல பத்தடி பன்னெண்டடி உயரத்துக்கு ப்ராப்ஸ். டெக்சாஸ் காத்துல அந்த ப்ராப் பாய்மரம் மாதிரி இழுக்கும், அத விழாம பிடிச்சிட்டு நிக்கறது ஒருத்தர் ஐடி மேனேஜர், பக்கத்துல ஒருத்தர் பிளம்பர், இன்னொருத்தர் டாக்டரா கூட இருக்கலாம். நம்ம ஊர் தேரோட்டத்துல சக்கரத்துக்கு கட்டை போடறவங்கள பாத்திருப்பீங்க, ஜனம் எல்லாம் மேல சாமிய பாக்கும், கீழ அந்த ஆளுங்க இல்லன்னா தேர் திரும்பாது. பிட் க்ரூன்னு சொல்ற இந்த சாமான் தூக்கற அப்பாக்கள் வேலையும் அதேதான்.

யூனிஃபார்ம் வேலைக்கு அம்மாக்கள் வாங்கன்னு சொல்ல மாட்டேன், தைக்கத் தெரிஞ்ச யார் வேணா வாங்க. பிப்பர்னு ஒரு கால்சட்டை, தோள்பட்டை வரைக்கும் வரும், வருஷா வருஷம் வேற வேற பிள்ளைங்க போடறதால ஒவ்வொருத்தருக்கும் கால் நீளத்த மடிச்சு தைக்கணும். புடவைக்கு ஃபால்ஸ் தைச்ச கைக்கு அது ஒரு வேலையே இல்ல. ஷோவுக்கு முன்னாடி தொப்பில ப்ளூம், அந்த இறகு, பெற்றோர்தான் செருகி விடுவாங்க, நனையாம கசங்காம இருக்கணும்ல, அதனால பசங்க கைல குடுக்கறதில்ல. வரிசைல ஒவ்வொரு பிள்ளையா குனிஞ்சு தலைய காட்டும். அந்த வேலை மட்டும் கேட்டு வாங்கிக்கோங்க, இருக்கறதுலயே அழகான வேலை அது.

இப்ப வெயில் விஷயம், இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். சம்மர் பேண்ட்னு சொல்ற கோடைப் பயிற்சி நடக்கறது ஆகஸ்ட்ல, நூறு டிகிரி ஃபாரன்ஹீட் சர்வ சாதாரணம், தார் போட்ட பார்க்கிங் லாட்ல கீழ இருந்தும் சூடு ஏறும், அதுல ஒரு பிள்ள சூசாஃபோன்னு முப்பது பவுண்டு ஊதற வாத்தியத்த தோள்ல மாட்டிட்டு பின்னாடியே நடக்கும். முட்டிய இறுக்கி வச்சிட்டு அட்டென்ஷன்ல நின்னா மயக்கம் வரும், முட்டிய லேசா தளர்த்துப்பான்னு சொல்லிட்டே இருங்க. தலை சுத்துது, வாந்தி வருதுன்னா நிழலுக்கு கூட்டிட்டு போயி தண்ணி குடுத்து டைரக்டர்கிட்ட சொல்லுங்க. கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றான், தள்ளாடறான்னா அது வேற நிலைமை, வீட்டுக்கு போயி பாத்துக்கலாம்னு நினைக்கவே கூடாது, உடனே 911 அவசர நம்பருக்கு போன், வண்டி வர்ற வரைக்கும் ஐஸ் தண்ணியால உடம்ப குளிர வச்சிட்டே இருக்கணும். இத பாக்கறதுக்குன்னே நாலு பெரியவங்க கண்ணு ஃபீல்டு மேல இருக்கணும். டைரக்டர் மேல டவர்ல நிக்கறார், அவருக்கு ஃபார்மேஷன் தெரியும், ஒவ்வொரு பிள்ள முகமும் தெரியாது.

சாப்பாட்டுக்கும் நம்ம ஆளுங்க வேணும். புரட்டாசி மாசமும் பேண்ட் சீசனும் ஒண்ணாதான் வரும். பஸ்ல சிக்கன் சாண்ட்விச் மட்டும் வந்து, சைவப் பிள்ளைங்க சிப்ஸ் தின்னுட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்னத நான் பாத்திருக்கேன். யாரும் வேணும்னு பண்ணல, ஆர்டர் போடற கமிட்டில அத சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான். நாம போயி உக்காந்தா அந்த சீட்டுல சைவப் பெட்டியும் ஏறும், ஹலால் கேக்கற பிள்ளைக்கும் சேத்து ஏறும். வீட்ல செஞ்சு குடுக்க ஸ்கூல் அனுமதிச்சா எலுமிச்சை சாதத்துல வேர்க்கடலை போடாதீங்க, அலர்ஜி உள்ள பிள்ளைங்க இருக்கும்.

அடுத்து பணம். கன்செஷன் ஸ்டாண்டுல, அந்த தீனிக் கடைல, நாச்சோவும் ஃபிரிட்டோ பையும் வித்து வர்ற காசு பூஸ்டர் கிளப்புக்கு, அதாவது பேண்டுக்காக பெற்றோர் நடத்தற சங்கத்துக்கு போகுது. சில பெற்றோர் கேக்கறாங்க, நான் இத்தன மணி நேரம் நின்னேனே, என் பையன் ஃபீஸ்ல கழிக்க மாட்டீங்களான்னு. முடியாதுங்க. கிளப் 501 சி 3, அதாவது வரிவிலக்கு உள்ள தொண்டு அமைப்பு. 2013ல ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப், நிதி திரட்டின பெற்றோரோட பிள்ளைக்கு மட்டும் பாயிண்ட் போட்டு ஃபீஸ குறைச்சதால அதோட வரிவிலக்கு செல்லாதுன்னு டேக்ஸ் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. சட்டத்த விடுங்க, எனக்கு காசு எல்லாருக்கும் பொதுவா போறதுதான் நியாயம்னு படுது. அம்மா ரெண்டு வேலைக்கு போற வீட்டுப் பிள்ளையும் அதே யூனிஃபார்ம்தான் போட்டுட்டு நிக்குது, நம்ம உழைப்பு அதுக்கும் போகட்டும்.

கணவரோட வேலை விசாவ வச்சு எச் 4 விசால இருக்கற அக்கா தங்கச்சிங்களுக்கு தனியா ஒண்ணு. வேலைக்கு போக முடியாம வீட்டுக்குள்ளயே வருஷங்கள் போகுதுன்னு எத்தன பேர் சொல்லி கேட்டிருக்கேன். சம்பளமே இல்லாத உண்மையான தொண்டுக்கு ஒர்க் பெர்மிட் கேக்க மாட்டாங்க. இங்கிலீஷ் சரளமா வராதேன்னு தயங்காதீங்க, ஐஸ் பெட்டி பக்கத்துல நின்னு தண்ணி குடுத்துட்டே நாலு வாரம் பேசுங்க, ஊர் மொத்தமும் பழக்கம் ஆயிடும்.

நம்ம பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அக்டோபர் சனிக்கிழமைகள்ல பேண்ட் போட்டி வரும், அதே நாள்ல தமிழ்த் தேர்வு வச்சா பிள்ள ரெண்டுல ஒண்ண விட்டுட்டுதான் வரணும், தேர்வ செப்டம்பருக்கோ டிசம்பருக்கோ மாத்துங்க. கொலு சுண்டல் வாங்க யூனிஃபார்மோட வர்ற பிள்ளைய யாரும் முறைக்காதீங்க.

கடைசியா, வாலண்டியர் பண்ணணும்னா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பேக்ரவுண்ட் செக் பண்ணும், ஆகஸ்ட்ல எல்லாரும் ஒரே நேரத்துல ஃபார்ம் போடுவாங்க, சீக்கிரமே போட்டுடுங்க. சாமான் ஏத்திட்டு போக வாடகைக்கு எடுக்கற 26 அடி ட்ரக் ஓட்ட கமர்ஷியல் லைசன்ஸ் பொதுவா தேவைப்படாது, தைரியமா ஓட்டறவங்க இருந்தா பேர் குடுங்க, அந்த ஆளுக்குதான் எப்பவும் பஞ்சம். ஹால் பின்னாடி பேண்ட் பெற்றோர் சில பேர் டேபிள் போட்டு உக்காந்திருக்காங்க, ஃபார்ம் எப்படி போடறதுன்னு காட்டுவாங்க, பிள்ளைங்க காலேஜ் போயிட்டவங்களும் வரலாம். நன்றி, வணக்கம்.