மின்சார ஸ்கூட்டர் காந்தத்துக்கு ஏன் டிஸ்புரோசியம்? வெந்நீரில் ஒரு சோதனை

[காட்சி: போச்சம்பள்ளி சாலையில் ஸ்கூட்டர் ஏற்றிய லாரி]

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களை நம் சாலைகளில் தினமும் பார்க்கிறோம். இத்தகைய வண்டிகளின் மோட்டாரில் பெரும்பாலும் நியோடைமியம் காந்தம்தான். பெயர் அப்படி, ஆனால் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரும்பு. நியோடைமியம் சுமார் 30 சதவீதம், போரான் 1 சதவீதம். இந்தக் காந்தத்துக்கு எதிரி சூடு. சாதாரண ரகம் 80 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேலும் தாங்கவைக்கச் சேர்ப்பதுதான் டிஸ்புரோசியம், நியோடைமியத்தைப் போலவே ஓர் அருமண் உலோகம்.

[காட்சி: இரண்டு வட்டக் காந்தங்கள், குண்டூசி டப்பா]

10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமனில் ஒரே மாதிரி இரண்டு காந்தம் எடுங்கள். குண்டூசிக் குவியலில் தொட்டுத் தூக்கி, ஒட்டியதை எண்ணுங்கள். ஐந்து முறை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரு முறை ஒட்டிய குண்டூசியே காந்தமாகிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் புதியவை வேண்டும்.

ஒரு காந்தத்தைத் துணியில் முடிந்து, கொதிக்கும் நீரில் 10 நிமிடம் தொங்கவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் நல்லது. இரும்பு என்றால் போய் ஒட்டிக்கொள்ளும். ஓசூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவே போதும்.

வெளியே எடுத்ததும் எண்ணாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். சூட்டில் குறையும் பலத்தில் ஒரு பகுதி ஆறினால் திரும்பும். நமக்கு வேண்டியது திரும்பாத பகுதி. அரை மணி நேரம் ஆறவிட்டு எண்ணி, சூடு காணாத காந்தத்தோடு ஒப்பிடுங்கள்.

இதையே 5 மி.மீ. தடிமனில் செய்தால் இழப்பு குறையும். தட்டையான காந்தத்துக்குள் அதன் சொந்தப் புலமே எதிராக அதிகம் தள்ளும். சூட்டில் பிடி தளரும்போது உள்ளே சில பகுதிகளின் திசை புரண்டு, அப்படியே நின்றுவிடும்.

[காட்சி: காந்தத் துகள்களின் வரைபடம்]

அந்தப் புரளலைத் தடுக்கத்தான் காந்தத்தில் டிஸ்புரோசியம் கலப்பது. ஆனால் அதன் காந்தத் திசை இரும்புக்கு எதிர், கூடக்கூட மொத்த பலம் குறையும். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்த ஏழு அருமண் தனிமங்களில் இதுவும் ஒன்று.

நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமல்பட்டியில் அருமண் கனிமங்கள் கொண்ட, கார்பனடைட் என்ற பாறை இருக்கிறதே என்பீர்கள். அந்த வகைப் பாறையில் பொதுவாக சீரியம், லாந்தனம், நியோடைமியம் போன்ற இலகு (அணு எடை குறைந்த) வகைகளே மிகுதி, டிஸ்புரோசியம் சொற்பம்.

எனவே சிக்கனம்தான் வழி. செய்து முடித்த காந்தத்தின் மேல் டிஸ்புரோசியத்தைப் பூசிச் சூடாக்கினால், அது காந்தத்துக்குள் இருக்கும் நுண்துகள்களின் ஓரங்களில் மட்டும் ஊடுருவும். புரளல் தொடங்குவதும் அந்த ஓரங்களில்தான்.