கை வைக்கும் முன் கேட்க வேண்டியவை: நானு ஓயாவிலிருந்து ஒரு வ்லாக்

வணக்கம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கம், நானு ஓயாவிலிருந்து பேசுகிறேன். வெளியே நல்ல மழை. தகரக் கூரைச் சத்தமும் சேர்ந்து கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மசாஜ் தெரபிஸ்ட் பயிற்சிக்குப் போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் பக்கத்துத் தங்கச்சிமார் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, எப்படி அமுக்குவது என்று காட்டுங்கள்.” காட்டுகிறேன். ஆனால் இந்தப் படிப்பில் பாதி, எங்கே அமுக்கக் கூடாது, எதைச் சொல்லிக் காசு வாங்கக் கூடாது என்பதுதான். அதைச் சொல்லாமல் கையை மட்டும் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

கொழுந்து எடுக்கும் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். கூடைக் கயிறு தலையில் மாட்டியிருக்கிறது. பாரம் ஏற ஏறத் தலையைப் பின்னால் இழுக்கிறது. கழுத்துத் தசைகள் விடாமல் எதிர்த்து நிற்கின்றன. இரண்டு கையும் நாள் முழுக்க முன்னால் நீண்டு செடிக்கு மேலேயே வேலை செய்கின்றன. மலைச் சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. ட்ரெப்பீசியஸ் என்றொரு பெரிய தசை, மண்டையோட்டின் அடியில் தொடங்கித் தோள்வரை பரவி முதுகின் நடுப்பகுதிவரை இறங்குகிறது. அதற்கு அடியில் இன்னொரு தசை, கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்மூலைக்கு வந்து சேர்கிறது. வகுப்பில் அந்த மூலையைப் படத்தில் காட்டியபோது எனக்கு எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், அம்மாமார் எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். “இந்த இடம்தான் பிள்ளை” என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டுவது அதே மூலையைத்தான்.

இந்தப் படிப்பு நுவரெலியா ஹோட்டல்களுக்கு வரும் வெளிநாட்டவர்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளம் அங்கே கிடைக்கிறது, உண்மை. தேவை எங்கள் லயங்களில் இருக்கிறது.

அமுக்கினால் வலி ஏன் குறைகிறது? 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையும் அழுத்தமும் அனுப்பும் செய்தி முதுகுத்தண்டில் வலியின் செய்தியை மறித்துவிடுகிறது என்பது அதன் சாரம். பின்னால் அதில் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை எண்ணம் நிற்கிறது. இதிலிருந்தே ஒன்று புரிகிறது: மசாஜ் தருவது ஆறுதல், ஓய்வு, கொஞ்சம் நல்ல தூக்கம். நாளைக்கும் அதே பாரம் அதே கழுத்தில் ஏறினால் வலியும் திரும்பி வரும். பாரத்தைக் குறைப்பது தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. என் கையால் அதைச் செய்ய முடியாது.

எண்ணெய்க்கு வருவோம். இந்தப் போத்தலைப் பாருங்கள், தலைகீழாகப் பிடிக்கிறேன், விழவில்லை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். வகுப்பு நடக்கும் கண்டி 500 மீற்றர் உயரம்தான், அங்கே இது தண்ணீர்போல ஓடும். எங்கள் குளிருக்கு நல்லெண்ணெய்தான் தோது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள், நேரடியாக அடுப்பில் வேண்டாம். முதலில் உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

சுவீடிஷ் மசாஜில் ஐந்து முறைகள்: நீளமாக வருடுவது, பிசைவது, ஒரே இடத்தில் தேய்ப்பது, தட்டுவது, அதிரச் செய்வது. எங்கள் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொடங்கி ஒன்பது வகை உண்டு. தோட்டத்தில் சுளுக்கு எடுக்கும் பாட்டிமார் கையில் இவற்றில் பல இருக்கின்றன. அவர்களிடமும் கற்றுக்கொள்ளுங்கள்.

இனித் தொடக் கூடாத இடம். இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, வலிக்கிறது என்றால் அங்கே கையே வைக்காதீர்கள். உள்ளே இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். நீங்கள் அமுக்கினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். காய்ச்சல், ஆறாத புண், பரவும் தோல் நோய், எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். கர்ப்பிணி என்றாலோ, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் என்றாலோ வைத்தியரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். இவற்றையெல்லாம் ஒரு தாளில் கேள்வியாக எழுதிவைத்து, ஆளைப் படுக்கவைக்கும் முன்பே கேட்க வேண்டும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் தெரபிஸ்ட் ஆபத்தானவர்.

அடுத்தது ரெய்கி. நான் முதல் நிலை படித்திருக்கிறேன். 1922இல் ஜப்பானில் மிக்காவோ உசுயி என்பவர் தொடங்கிய முறை இது. ஹவாயில் பிறந்த ஹவாயோ தகாட்டா 1930களில் அதை ஜப்பானுக்கு வெளியே கொண்டுபோனார். ஆளைப் படுக்கவைத்து, கையை மெல்ல வைத்து, பேசாமல் இருப்பதுதான் செய்முறை. எங்கள் அம்மாமாருக்கு அரை மணி நேரம் யாரும் வேலை ஏவாமல் படுத்திருக்கக் கிடைப்பதே அபூர்வம். எழும்போது முகம் தெளிந்திருப்பதை நான் பார்க்கிறேன், அதனால்தான் தொடர்ந்து செய்கிறேன்.

ஆனால் என் கையிலிருந்து ஒரு சக்தி போய் நோயைத் தீர்க்கிறது என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு சக்தி இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை. ரெய்கியைப் போன்ற இன்னொரு முறையில் தேர்ந்த 21 பேரை எமிலி ரோசா என்ற சிறுமி சோதித்தாள். மறைப்புக்குப் பின்னால் அவர்கள் கைகளை நீட்ட, அவள் எந்தக் கைக்கு மேலே தன் கையைப் பிடிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். 280 முறையில் 123 முறைதான் சரியாகச் சொன்னார்கள், பூவா தலையா போட்டாலும் பாதி சரியாக வரும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழிலேயே இது வெளியானது. ஆகவே ‘பிரஷர் மாத்திரையை நிறுத்துங்கள், சக்தி பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பயிற்சிக்குக் காசு கட்டும் முன் இரண்டு விஷயம். அந்த நிலையம் அரசின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, தருகிற சான்றிதழ் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் முழு வகுப்புக்கும் போகாமல் மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. பெறும் வழியும் உண்டு. வீட்டில் பயப்படுகிறார்கள் என்றால் அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போய் வகுப்பறையைக் காட்டுங்கள். ஸ்பா என்ற பெயரில் வேறு வியாபாரம் நடக்கும் இடங்கள் நாட்டில் இருக்கின்றன. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

சரி, கேட்டபடி கை. அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, மேசையில் தலையணை போட்டு நெற்றியைச் சாய்க்கச் சொல்லுங்கள். கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம். இல்லை என்றால் உள்ளங்கையால் கழுத்தடியிலிருந்து தோள் நுனிவரை மெதுவாக வருடுங்கள். சதை இளகிய பிறகு தோள்தசையை விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, சில மூச்சுவரை வைத்திருந்து விடுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்தாதீர்கள், இரு பக்கச் சதையில் மட்டும். கழுத்தின் முன்பக்கம் மூளைக்கு இரத்தம் போகும் நாடி ஓடுகிறது, அங்கே விரலே போகக் கூடாது. பத்து நிமிடம் போதும். அடுத்த வீடியோவில் இடுப்பைப் பார்ப்போம், அதற்குள் அந்தக் கேள்வித் தாளை எழுதிவையுங்கள்.