காதலர்களாக நடித்த இரண்டு நண்பர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிப் பருவத்து நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மொத்தமாகப் பேசினால் பட்டியலாகிவிடும் என்பதால் ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொள்கிறேன். 'டேட்டிங் ஆம்பர்' என்ற அயர்லாந்துப் படம் அது. டேவிட் ஃபிரெய்ன் எழுதி இயக்கியது. சிறிய முதலீட்டில் எடுத்த படம். திரையரங்குகள் பூட்டிக் கிடந்த 2020 பெருந்தொற்றுக் காலத்தில் நேராக இணையத்துக்கு வந்தது.

கதை 1995-இல் கில்டேர் பகுதியில் நடக்கிறது. எடியும் ஆம்பரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். எடிக்கு ஆண்கள் மீது ஈர்ப்பு. அதைத் தனக்குள்ளேகூட ஒப்புக்கொள்ள மாட்டான். ஆம்பருக்குப் பெண்கள் மீது ஈர்ப்பு. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். வகுப்பு இருவரையும் மோப்பம் பிடித்துவிட்டது, கேலி தாங்க முடியவில்லை. பள்ளி முடியும் வரை காதலர்களாக நடித்துவிடலாம் என்கிறாள் ஆம்பர்.

காதலிப்பதை மறைத்துத் திண்டாடும் ஜோடிகளை எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டோம். இங்கே காதல் இல்லாததை மறைக்க வேண்டியிருக்கிறது. முத்தம் கொடுக்கத் தெரியாமல் இருவரும் படும் பாடு சிரிக்க வைக்கிறது. ஆனால், பிடிபட்டால் என்ன ஆகும் என்ற பயம் அந்தச் சிரிப்புக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வெறும் கூத்தாகப் போகாமல் படத்தைக் காப்பாற்றுவது அந்தப் பயம்தான்.

கதை நடக்கும் அந்த 1995-ஆம் ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தன்பாலீர்ப்பு உறவு குற்றம் என்ற சட்டம் அயர்லாந்தில் நீக்கப்பட்டது 1993-இல். வகுப்பறைக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. மணமுறிவுக்கும் அங்கே அதுவரை அனுமதி கிடையாது. அதை அனுமதிக்கலாமா என்று 1995 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் ஒன்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில்தான் அது தேறியது. எடியின் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. சேர்ந்து வாழ்வதுபோல் காட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் செய்வதைப் பெரியவர்கள் வீட்டில் செய்கிறார்கள், அவ்வளவுதான். படம் இதை உரக்கச் சொல்வதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. பெற்றோர் கதையை இன்னும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். கேலி செய்யும் மாணவர்களும் அட்டையில் வெட்டி எடுத்தவர்கள்போல்தான் இருக்கிறார்கள். அது ஒரு குறைதான்.

பணம் குறைவாக இருந்தது படத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு பள்ளி, ஒரு ராணுவ முகாம், சக்கரம் வைத்த தங்கும் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் ஒரு கேரவன் பூங்கா, மிச்சமெல்லாம் புல்வெளி. திரும்பிய பக்கமெல்லாம் தெரிந்த முகம். ஒளிந்துகொள்ள இடமில்லாத ஊர் என்பதைத் தனியாக வசனம் வைத்து விளக்க வேண்டியதே இல்லை. எடியின் அப்பா ராணுவ அதிகாரி. அவரைத் திருப்திப்படுத்தத் தானும் ராணுவத்தில் சேரப் போவதாக அவன் உடம்பை வருத்திக்கொண்டிருக்கிறான். ஆம்பருக்கு அப்பா இல்லை. அம்மா நடத்தும் பூங்காவின் கேரவன்களை, ஒதுங்க இடம் தேடும் சக மாணவ ஜோடிகளுக்கு ரகசியமாக வாடகைக்கு விட்டுக் காசு சேர்க்கிறாள், லண்டனுக்கு ஓடிப்போவதற்காக. வியாபாரத்தில் கெட்டிக்காரி.

இருவரும் டப்ளினுக்குப் போகும் பகுதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஒரு மதுக்கூடத்துக்குள் நுழைகிறார்கள். பெண் வேடமிட்ட கலைஞர் ஒருவர் மேடையில் பாடுகிறார். எடி வைத்த கண் வாங்காமல் பார்க்கிறான். தன்னைப் போன்றவர்கள் சிரித்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு வாழ முடியும் என்பதை அன்றுதான் இருவரும் பார்க்கிறார்கள். ஆம்பருக்கு அங்கே ஒரு பெண்ணைப் பிடித்துப்போகிறது. அதன் பிறகு நடிப்பு அவளுக்குப் பாரமாகிவிடுகிறது. எடிக்கோ அதே இரவு பீதியைக் கிளப்பிவிடுகிறது. ஊர் திரும்பியதும் முன்பைவிட இறுக்கமாக ஆம்பரைப் பற்றிக்கொள்கிறான். 'நாம் உண்மையிலேயே காதலர்கள்' என்று தன்னையே நம்பவைக்கப் பார்க்கிறான். இந்த வகைப் படங்களில் வழக்கமாக உண்மையைச் சொல்லும் நாள் ஒன்று வரும், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இந்தப் படம் இருவரையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டவில்லை. ஒருத்தி தயாராகிவிட்டாள், இன்னொருவன் ஆகவில்லை. அவன் அவளைக் காயப்படுத்துகிறான், அதற்காக அவனை வில்லனாக்கிவிடவும் இல்லை. ஃபியான் ஓஷே எடியாகவும், லோலா பெட்டிக்ரூ ஆம்பராகவும் நடித்திருக்கிறார்கள். பின்பாதி முழுக்க நிற்பது அவர்கள் இருவருடைய முகங்களை நம்பித்தான்.

கடைசியில், கேரவன் வாடகையில் சேர்த்த அந்தப் பணத்தை ஆம்பர் எடியின் கையில் கொடுத்து அவனைக் கிளம்பச் சொல்கிறாள். அவளுடைய சொந்தக் கனவுக்கான காசு அது. அவன் போய்விடுகிறான். ஊரில் தங்கிவிட்ட ஆம்பர் மறுபடி முதல் காசிலிருந்து எப்படிச் சேர்த்தாள், லண்டன் போனாளா என்பதைத்தான் நான் பார்க்க ஆசைப்பட்டேன். இயக்குநர் அதைக் காட்டவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம்தான். நன்றி, வணக்கம்.