ஜெராக்ஸ் எடுக்க ஒரிஜினல் எங்கே?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

'மறைந்த நடன முன்னோடி இசடோரா டங்கனின் நடனங்களை இன்று பிறர் மேடையில் மீண்டும் ஆடுவது அவருக்குப் பெருமையா, சிறுமையா' என்பது தலைப்பு. பெருமையே என்று பேச வந்திருக்கிறேன். 1877இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து, பாலே ஒன்றே நடனம் என்றிருந்த ஐரோப்பிய மேடைகளில் வெறுங்காலோடு ஏறி, நவீன நடனத்துக்கு வழி திறந்தவர் அவர் என்பதை எதிரணியினரே ஒப்புக்கொண்டுவிட்டதால், அந்த வரலாற்றில் உங்கள் நேரத்தைக் கரைக்கப் போவதில்லை.

ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "ஜெராக்ஸ் காப்பிக்கு எதற்கு ஐயா நுழைவுச் சீட்டு?" என்று போகிற போக்கில் கேட்டார், இன்று ஆடப்படுவதெல்லாம் வெறும் நகல் என்பது அவர் கட்சி, நீங்களும் கைதட்டினீர்கள். வேறு எதற்கும் பதில் சொல்லாவிட்டாலும் இதற்குச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. ஜெராக்ஸ் கடையில் முதலில் கேட்பது ஒரிஜினலைத்தான். இசடோராவின் ஒரிஜினல் எங்கே இருக்கிறது, நண்பரே? தம் ஆட்டத்தைத் திரைப்படமாக எடுக்க அவர் இணங்கவில்லை. அவருடைய முழு ஆட்டம் ஒன்றுகூடப் படச்சுருளில் இல்லை. நடன அசைவுகளைத் தாளில் எழுதி வைக்கும் குறியீட்டு முறையை ருடால்ஃப் லாபான் வெளியிட்டது 1928இல். இசடோராவோ 1927 செப்டம்பரிலேயே பிரான்சின் நீஸ் நகரத்தில் இறந்துவிட்டார். எந்திரத்துக்குள் எதை வைத்து நண்பர் பொத்தானை அழுத்தப் போகிறார்?

மிஞ்சியது அவரிடம் பயின்ற பெண்களின் உடம்பு மட்டுமே. 1904இல் பெர்லினை அடுத்த குருனேவால்டில் பள்ளி தொடங்கி அவர் வளர்த்த சிறுமியரில் ஆறு பேர் டங்கன் என்ற பெயரையே தாங்கி ஆடினார்கள். அவர்கள் தம் மாணவியருக்கும், அந்த மாணவியர் தம் மாணவியருக்கும் கற்றுக்கொடுத்து வந்ததைத்தான் இன்று மேடையில் காண்கிறோம். நட்டுவனார் பரம்பரையை அறிந்த இந்த அவைக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

உடம்பில் தங்கியது போக, கண்ணில் தங்கிய கதை ஒன்று உண்டு. 1921, லண்டன், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கம். நாற்பதைத் தாண்டி, உடல் கனத்துவிட்ட இசடோரா ஆடுகிறார். பார்வையாளர் வரிசையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன். பெயர் பிரெடெரிக் ஆஷ்டன். அந்த அம்மையார் மேடையின் குறுக்கே ஓடுகிறார். ஓட்டம் என்றால் வெறும் ஓட்டமில்லை. தன்னையே பின்னால் விட்டுவிட்டு ஓடுவதுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் ஆஷ்டன் நினைவுகூர்ந்தார். அந்தப் பையன் வளர்ந்து பிரிட்டனின் தலைசிறந்த பாலே அமைப்பாளராகி, ராயல் பாலே குழுவையே இயக்கி, ஓய்வும் பெற்றுவிட்டார்; ஓட்டம் மட்டும் கண்ணை விட்டு அகலவில்லை. சற்று எண்ணிப் பாருங்கள், அவையோரே: பதினாறு வயதில் பார்த்த ஓட்டம், ஐம்பத்தைந்து ஆண்டுகள்! எதிரணி நண்பர் தம் முதல் வாதத்தை முடிவுரைக்குள் மறந்துவிட்ட அவையில் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1976இல் ஆஷ்டன் என்ன செய்தார்? பாலேயில் ஊறிய நட்சத்திரம் லின் சீமோரை அழைத்தார். காலணியைக் கழற்றச் சொன்னார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் ஐந்து வால்ட்ஸ் இசைக்கு அவர் வெறுங்காலோடு ஆடினார். இறுதியில் அவர் பார்வையாளரை நோக்கி ஓடி வர, இரு கைகளிலிருந்தும் பூவிதழ்கள் உதிர்ந்துகொண்டே வருகின்றன. அந்த ஓட்டம்தான் ஐயா, 1921இல் பையன் பார்த்த அதே ஓட்டம்! அது நடந்தது மேரி ராம்பெர் என்ற அம்மையார் நிறுவிய பாலே குழுவின் பொன்விழாவில். அந்த ராம்பெரும் இளம்பெண்ணாக வார்சாவில் இசடோராவைக் கண்டு நடனத்துக்கு வந்தவர். ஆட்டத்துக்கு ஆஷ்டன் வைத்த தலைப்பிலேயே 'இசடோரா டங்கனின் பாணியில்' என்று இருக்கிறது. ஒளிவுமறைவில்லாமல் பாணி என்று சொல்லித் தந்தவரையா நகல்காரர் என்பது?

நேரமாகிறது, நடுவரே, மணியில் கை வைக்க வேண்டாம். 1913 ஏப்ரலில் இசடோராவின் குழந்தைகள் டியர்ட்ரியும் பாட்ரிக்கும் இருந்த கார் பாரிசில் சேன் நதிக்குள் விழுந்தது, இருவரும் பிழைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் இசைக்கு 'தாய்' என்றொரு தனி நடனத்தை அமைத்தார். அதில் குதிப்பில்லை, சுழற்சியில்லை. ஒரு பெண் தரையில் அமர்ந்து இல்லாத குழந்தையை மடியில் ஏந்துகிறாள். காற்றில் அதன் தலையைத் தடவுகிறாள். பிறகு கைகளை விரித்துப் போகவிடுகிறாள். வளைந்த கைக்குள் எவ்வளவு இடம் விட்டால் அங்கே குழந்தை இருப்பதாகத் தெரியும் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. ஒருத்தி ஆடிக் காட்ட, இன்னொருத்தி தன் கையை வளைத்துப் பழக வேண்டும்.

இந்த அரங்கில் தாய்மார்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கலாம். அவர்கள் முன்னால் அந்த நடனம் ஆடப்படும்போது, ஆடுபவள் அசலா நகலா என்று எதிரணி நண்பர் எழுந்து கேட்பாரா? கேட்க மாட்டார், அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். எங்கள் அணிக்காக நான் தீர்ப்புக் கேட்கவில்லை, நடுவர் அவர்களே. பிள்ளைகளைப் பறிகொடுத்தபின்னும் ஆடினாளே, அந்தத் தாயின் பக்கம் தீர்ப்பைச் சொல்லுங்கள். வணக்கம்.